திருப்பி அடித்த படம்

– ஒட்டின கம்மில ஒரு துளி கூட மிஞ்சக்கூடாது பிள்ளை. கழட்டினாப் பிறகு அந்தக் கண்ணாடியில என்ன இருந்தது எண்டு ஒருத்தரும் சொல்லேலாமல் இருக்கோணும்.

– அப்ப நீங்கள் கேட்ட கம் ஸ்ரிக்கர் சரிவராது ஐயா. எங்கட மன்னார் வெயிலுக்கு ஒரு கிழமை காணும், கம் உருகிக் கண்ணாடியோட சேந்திடும். பிறகு பிளேட்டால சுரண்டி, மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ச்சு, பெரிய கரைச்சல். சீலைக்கடை அஸீபா லாத்தா பெருநாள் விளம்பரத்தைக் கழட்டப் பட்ட பாட்டைக் கேட்டுப் பாருங்கோ. இப்பவும் வெயில் சரிவா விழுந்தா அந்தக் கண்ணாடியில எழுத்தெல்லாம் வாசிக்கலாம்.

– அதுதான் எனக்கும் பயம். என்னட்டச் சொல்லிவிட்டது கம் ஸ்ரிக்கர் எண்டுதான். கம் ஸ்ரிக்கர், வெளியால ஒட்டுறது, வேற ஒண்டும் கேக்காதேங்கோ எண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னவை. நான்தான் வாற வழியில யோசிச்சன், அடையாளம் மிஞ்சினா நாளைக்கு ஆராவது விரல் நீட்டுவினமெல்லோ எண்டு. தம்பி இல்லையோ கடையில?

– அவர் கொழும்புக்குப் போனவர், படம் அடிக்கிற மெசினுக்கு மை எடுக்க. பின்னேரம் வந்திடுவார். அதுக்கென்ன, எனக்கும் இந்த வேலை தெரியும். நான் அவற்ற மனிசி, பரீனா. எந்தக் கடைக் கண்ணாடி எண்டு சொல்லுங்கோ.

– பஸ் நிலையத்துக்கு எதிர்ப்பக்கம். முந்தி பைறூஸ் போட்டோ ஸ்ரூடியோ வைச்சிருந்தாரே, அது. பூட்டிக் கிடந்ததைக் கொம்பனி வாடகைக்கு எடுத்திருக்குது. தற்காலிகம்தான்.

– என்ன கொம்பனி ஐயா?

– கொம்பனி எண்டாக் கொம்பனிதான் பிள்ளை. நான் வலன்ரைன். அரசாங்கக் கந்தோரில கிளாக்கரா இருந்து பென்சன் எடுத்தனான். வீட்டில சும்மா குந்தியிருக்க விசர் பிடிக்குது, அதால இவைக்கு ஓடித் திரியிறன். மேலால சொல்லுறதைக் கீழால செய்யிறது. எனக்கு அது பழகின தொழில்.

– சரி, கதிரையை இழுத்துப் போட்டு இருங்கோ, தேத்தண்ணியையும் குடியுங்கோ. இந்தா, கையால தொட்டுப் பாத்தே எடுங்கோ. இது சாதாரண ஸ்ரிக்கர், அதைத்தான் வேண்டாமெண்டு சொன்னனான். இது பாருங்கோ, ஊசியால குத்தின மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கும். றோட்டில நிக்கிறவைக்குப் படம் மட்டும் தெரியும். உள்ளுக்க இருக்கிறவைக்கு றோட்டுத் தெரியும்.

– அப்பிடியோ! ஆர் வந்து நிக்கினம், ஆர் முகத்தைச் சுழிக்கினம் எண்டெல்லாம் உள்ளுக்க இருந்து பாக்கலாமோ?

– தாராளமாப் பாக்கலாம். ஆனா அதுக்கும் பின்னால கம்தான்.

– சே. அருமையான சாமான், வீணாப் போச்சு.

– என்ன ஐயா நீங்கள், ஆரை ஒளிச்சு நிண்டு பாக்கப் போறீங்கள்?

– நானோ? எனக்கென்ன கிடக்கு. சனம் வந்து பாத்தது எண்டதுக்கு அத்தாட்சி வேணும், அவ்வளவுதான். சட்டம் அப்பிடி. சரி, மற்றதைக் காட்டுங்கோ.

– இதுதான் கிளிங் எண்டு சொல்லுற கண்ணாடி மாதிரிப் பிலிம். கம் எண்ட கதையே இல்லை. கண்ணாடியில வைச்சுக் கையால ஒருக்காத் தடவி விட்டா அப்பிக்கொண்டு நிக்கும். பள்ளிக்கூடத்தில சீப்பைத் தலையில தேய்ச்சுக் கடுதாசித் துண்டைத் தூக்கி விளையாடினமே, அந்த மாதிரி. வேணாமெண்டா மூலையைப் பிடிச்சு இழுத்தாச் சரி. சின்னப் பிள்ளையும் கழட்டும்.

– ஒண்டும் மிஞ்சாதோ?

– ஒண்டும் மிஞ்சாது. விரல் அடையாளம்தான் கிடக்கும், அதையும் சீலைத்துண்டால துடைச்சு விடலாம்.

– மாதாவே, இதைத்தானே நான் தேடினது! இதிலயே அடியுங்கோ.

– ஆனா ஒண்டு. இதை வெளியால ஒட்டேலாது. எங்கட ஊர்க் காத்தில உப்புக் கிடக்கு, கண்ணாடியில உப்புப் படிஞ்சா இது பிடிக்காது. சோளகக் காத்து ஒருக்கா வீசினா உங்கட படம் எங்கயோ பறந்து போய்த்தான் விழும். உள்ளால ஒட்டி, கண்ணாடிக்குள்ளால வெளியில தெரிய விடோணும்.

– உள்ளாலயோ? அதுவும் நல்லதுதான். வெளியால எண்டா ஆரும் கிழிச்சுப் போடுவாங்கள். உள்ளால எண்டாத் திறப்பு எங்கட கையில. ஆனா பிள்ளை, இடப்பக்கம் கீழ்மூலையில ஒரு கையகலம் படம் இல்லாமல் விடுங்கோ.

– ஏன்?

– காத்துப் போகட்டும்.

– கண்ணாடிக்குள்ளால காத்துப் போகுமோ ஐயா?

– விடச் சொன்னா விடுங்கோ பிள்ளை. இந்தாங்கோ, படம் இந்தப் பென் டிரைவுக்குள்ள கிடக்கு.

– ம்... திறக்குது. வடிவான படம்! கடல், மணல், வரிசையாச் சின்னச் சின்ன வீடுகள், நடுவில நீச்சல் குளம். மேல நிண்டு பறக்கிற கமெராவால எடுத்து, வீடுகளைப் பிறகு கீறிச் சேத்திருக்கினம் என்ன? செய்தவன் நல்ல கைகாரன். எழுத்து வேற, படம் வேற எண்டு பிரிச்சு வைச்சிருக்கிறான். எங்கட இவர் மட்டும்தான் இவ்வளவு ஒழுங்கா வைப்பார் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான்.

– ஹ... ஹ... அந்தாளுக்குச் சொல்லிவிடுறன் பிள்ளை. கேட்டாச் சந்தோசப்படுவார்.

– எந்த இடம் இது? எங்கயோ பாத்த மாதிரியும் கிடக்கு, பாக்காத மாதிரியும் கிடக்கு.

– சும்மா ஒரு மாதிரிப்படம். வெளிநாட்டுக் கடற்கரையா இருக்கும். எனக்கென்ன தெரியும்.

– "கரையோர உல்லாச விருத்தித் திட்டம். பொதுமக்கள் பார்வைக்கு. ஆட்சேபணை உள்ளவர்கள் எழுத்தில் அறிவிக்கவும்." அப்ப இது திட்டமெல்லோ? எந்த ஊர் எண்டு ஒரு சொல்லும் இல்லையே. ஊர் தெரியாமல் சனம் எப்பிடி ஆட்சேபிக்கும்?

– அதை நீங்களும் நானும் யோசிச்சு ஆகப்போறது ஒண்டுமில்லை. சனம் நடமாடுற இடத்தில படம் வைக்கோணும் எண்டு சட்டம் சொல்லுது. வைக்கிறம். குறிச்ச நாள் முடிய மூலையைப் பிடிச்சு இழுக்கிறம். சனம் வந்து பாத்தது, ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. அதுக்குப் பிறகு வேலை தொடங்கலாம்.

– ஓ.

– ஏன் "ஓ" எண்டுறீங்கள்?

– சும்மாதான் ஐயா. உள்ளால ஒட்டுறதெண்டா இதைக் கண்ணாடியில பாக்கிற மாதிரி இடம்வலமாத் திருப்பி அடிக்கோணும். அப்பதான் வெளியால பாக்கேக்க நேரா வரும். வெளியால ஒட்டுற ஸ்ரிக்கர் எண்டா இந்தத் திருப்பல் ஒண்டும் இல்லை, வந்த மாதிரியே அடிச்சு விடுவம். இப்ப திருப்பிறன், பாருங்கோ.

– ஓமோம், எழுத்தெல்லாம் மறுபக்கமாப் போச்சு. ஏன் பிள்ளை, கை நிண்டிட்டுது?

– இல்லை... கொம்பியூட்டர் கொஞ்சம் இழுக்குது. படம் பெரிசெல்லோ.

– முகம் ஒரு மாதிரிப் போச்சு?

– ஐயா, உங்கட வெளிநாட்டில பனை நிக்குமோ?

– பனை எங்க நிக்காது?

– கடலுக்குள்ள ஆமை படுத்த மாதிரி ஒரு கல்லும் கிடக்கு.

– கல்லுக் கடலில கிடக்காமல் கூரையிலயோ கிடக்கும்? பிள்ளை, நீங்கள் எந்த ஊர்?

– நானோ? எருக்கலம்பிட்டி.

– பிறந்து வளந்ததெல்லாம் அங்கதானோ?

– ஓம். எங்கட ஆக்கள் எல்லாரும் அங்கதான்.

– நல்லது. முசலிப் பக்கத்து ஆக்கள் எண்டாச் சும்மா பதறிப் பதகளிப்பினம். உங்கட கடை வடிவான கடை பிள்ளை. முன்னுக்கு முழுக்கக் கண்ணாடி. இப்பிடிக் கண்ணாடி போட்ட ஆக்கள் கொஞ்சம் கவனமா இருக்கோணும். ஒரு கல்லு காணும், எல்லாம் நொறுங்க. நான் பொதுவாச் சொல்லுறன்.

– விளங்குது ஐயா.

– விளங்கினாச் சரி. நாளைக்கு வெள்ளிக்கிழமை. பஜாரில சனம் கூடுறதுக்கு முதல் கண்ணாடியில ஏறியிருக்கோணும். விடியத் தம்பியைச் சாமானோட அனுப்பிவிடுங்கோ, திறப்போட நான் நிப்பன். தேத்தண்ணிக்குச் சந்தோசம். போட்டு வாறன்.

– போட்டு வாங்கோ ஐயா.

– மூலையில கையகலம். மறந்திடாதேங்கோ.

– மறக்கமாட்டன்.

– ஹலோ, வாப்பா? நான் பரீனா. ஒண்டுமில்லை, சும்மாதான். ஊரில என்ன புதினம்? ... இல்லை, குரல் நல்லாத்தான் இருக்கு. வாப்பா, நம்மட கரைக்கு ஆரும் வந்தவங்களா, பறக்கிற கமெராவோட? ... எப்ப? ... அப்ப ஏன் எனக்கொரு சொல்லுச் சொல்லேல்லை? ... கடற்கரையைத் துப்பரவாக்கிற ஆக்கள் எண்டோ சொன்னவங்கள்? நீங்கள் இளநி வெட்டிக் குடுத்து, வெயிலுக்க நிண்டு ஒவ்வொரு இடமாக் காட்டியும் விட்டீங்களாக்கும். ... உம்மாவை அடக்கின மையவாடியையும் காட்டினீங்களோ? ... அல்லாஹ்வே. ... ஜீப்புக்குள்ள இருந்த ஆள் இறங்கவே இல்லையோ? கூப்பிட்டும் வரேல்லையோ? தலையில துவாயைப் போட்டுக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பி இருந்தவனோ? ... ஆரெண்டு எனக்கெப்பிடித் தெரியும் வாப்பா. வெயிலுக்குப் பயந்தவனாக்கும். ... இஞ்ச கேளுங்கோ, நாளைக்கு ஜும்ஆவுக்கு மன்னார்ப் பள்ளிக்கு வாங்கோ. தனிய வேணாம், ஊரில ஏலுமானவை எல்லாரையும் ஏத்திக்கொண்டு வாங்கோ. ஸம்ஸியா மாமியையும் கூட்டி வாங்கோ, அவட வாய் வேணும். ... ஏனெண்டு போனில சொல்லேலாது. வந்து உங்கட கண்ணாலயே பாருங்கோ. ... அழேல்லை வாப்பா. வைக்கிறன்.

– என்ன பரீனா, கடைக் கதவைப் பாதி சாத்திப்போட்டு உள்ளுக்க என்ன செய்யிறாய்? மெசின் ஓடுற சத்தம் சந்தி மட்டும் கேக்குது.

– வந்திட்டீங்களோ! நல்ல நேரத்தில வந்தீங்கள் றினாஸ். அந்தச் சாமானைக் கீழ வைச்சிட்டு இஞ்ச வாங்கோ.

– இரு, பஸ்ஸில வந்து உடம்பெல்லாம் புழுதி. ஒரு தண்ணி தா முதல். ஆர் வந்தது?

– வலன்ரைன் எண்டு ஒரு பென்சன்காரர்.

– அதுக்குள்ள வந்திட்டாரோ? அவர் பின்னேரம்...

– என்ன பின்னேரம்?

– ஒண்டுமில்லை. பின்னேரம் எண்டாக் காத்துக் கூட, அதுக்கு முதல் வந்தது நல்லதெண்டு சொல்ல வந்தனான். என்னவாம்?

– பைறூஸ்ட பழைய கடைக் கண்ணாடிக்குப் படம் வேணுமாம். கொண்டுவந்த படத்தை நீங்கள் பாக்கோணும். ஒரு உல்லாச ஹோட்டல் திட்டம், ஊர்ப் பேர் இல்லை. முதல் பாக்கேக்க எனக்கும் ஒண்டும் பிடிபடேல்லை. உள்ளால ஒட்டுறதுக்கெண்டு திருப்பினன். அப்பதான் பிடிபட்டுது. ஆமைக்கல்துறை! நம்மட ஆமைக்கல்துறை! தெக்க பாத்துக் கிடக்கிற ஆமைக்கல்லு, அதுக்குப் பக்கத்தில ஓடை, கிணத்தடி ரெட்டைப் பனை, எல்லாம் அதது இடத்தில வந்து நிக்குது. சனம் கண்டுபிடிக்கக் கூடாதெண்டு ஆரோ ஒரு நாசமாப்போனவன் ஊரையே இடம்வலமா மாத்தி வைச்சிருக்கிறான்.

– கத்தாத. றோட்டுக்குக் கேக்கும்.

– கேக்கட்டும்! முசலியில, கொண்டச்சியால அங்கால போற எந்தக் குழந்தையும் நேராப் பாத்தா அந்தக் கல்லைச் சொல்லும். அதுக்குப் பயந்துதான் திருப்பியிருக்கிறான். பள்ளிவாசலை அழிச்சுப்போட்டான். வாப்பாட வீட்டையும் காணேல்லை. உம்மாட கபுறு கிடக்கிற மையவாடியில என்ன இருக்குத் தெரியுமோ? நீச்சல் குளம். நீலத் தண்ணியும் அதுக்குள்ள ஒரு வெள்ளைக்காரியும்.

– அது... அது மாதிரிப்படம் தானே பரீனா. கட்டேக்க மையவாடியை விட்டுத்தான் கட்டுவாங்கள்.

– ஆர் சொன்னது?

– ஆரும் சொல்லேல்லை. பொதுவா அப்பிடித்தானே.

– என்ன பொதுவா? தொண்ணூறில முஸ்லிம் எண்டு உடுத்த உடுப்போட ஊரை விட்டுக் கலைச்ச சனம் அது. புத்தளத்தில ஓலைக் கொட்டிலுக்க கிடந்து கிடந்து, உம்மா ஊர் ஊர் எண்டு பிதற்றினவ. திரும்பி வந்து பத்தை வெட்டி, பாம்போட மல்லுக்கட்டி வாப்பா அந்த வீட்டை எழுப்பினவர். ஊர்த் தண்ணி குடிச்சு ஒரு வருசம்கூட இருக்கேல்லை உம்மா, மௌத்தாகிட்டா. நீங்களும்தானே கபுறுக்கு மண் போட்டனீங்கள்? இன்னொருக்கா வாப்பாவை எழும்பிப் போ எண்டா அவர் போகமாட்டார் றினாஸ். அந்த மனிசன் செத்துப்போவார்.

– விடு இப்ப. படத்தை அடிக்காத. பிலிம் முடிஞ்சுதெண்டு சொல்லிவிடுவம். நமக்கேன் இந்தக் கரைச்சல்?

– நல்ல கதை. அடிச்சு முடிஞ்சுது.

– என்ன?

– அங்க காயுது பாருங்கோ. எழுத்தை மட்டும்தான் திருப்பி அடிச்சனான். படத்தைத் திருப்பாமல் அவன் தந்த மாதிரியே விட்டிட்டன். உள்ளால ஒட்டினா எல்லாம் பின்பக்கத்தாலதான் தெரியும், அப்ப வெளியால நிண்டு பாக்கிறவனுக்கு எழுத்தும் நேர், ஊரும் நேர். என்ர ஊர் எருக்கலம்பிட்டி எண்டு பொய் சொல்லிவிட்டன். அந்தப் பென்சன்காரருக்கு எது இடம் எது வலம் எண்டு விளங்காது, எழுத்தை வாசிச்சுப் பாத்திட்டுத் தலையாட்டுவார். நீங்கள் விடியப் போய் ஒண்டும் தெரியாத பிள்ளையா ஒட்டிப்போட்டு வாங்கோ. மிச்சத்தைச் சனம் பாக்கும்.

– விசரோ உனக்கு? ஆரைப் பகைக்கிறாய் எண்டு தெரியுமோ? இந்தப் பெரிய மெசின், இந்தக் கடை, எல்லாம் நாளைக்கு...

– மெசின் போனாப் போகட்டும்.

– பரீனா, சொல்லுறதைக் கேள். அதைச் சுருட்டு. இன்னும் ஆருக்கும் தெரியாதெல்லோ?

– வாப்பாவுக்குப் போன் பண்ணினனான்.

– யா அல்லாஹ். என்ன சொன்னனி?

– நாளைக்கு ஊர்ச் சனத்தை ஏத்திக்கொண்டு வாங்கோ எண்டு. ஜும்ஆ முடிய எல்லாரும் அந்தக் கண்ணாடிக்கு முன்னால நிப்பினம். வாப்பா முன்னுக்கு நிப்பார். அவர் ஆமைக்கல்லை ஒருக்காக் காணட்டும், பிறகு பாருங்கோ மன்னார் பஜாரை.

– கூடாது. அவர் முன்னுக்கு நிக்கக்கூடாது. உடனே எடுத்து வரவேண்டாமெண்டு சொல்லு.

– ஏன் நிக்கக்கூடாது?

– அந்த மூலையில விட்டிருக்கிற கையகலம் ஏன் எண்டு நினைச்சாய்? கமெரா வைக்க. ஆர் சத்தம் போடுறது, ஆர் சனத்தைக் கூட்டி வந்தது எண்டு முகம் முகமாப் பதியும். ராவைக்கு வீட்டுக்கு ஆள் வரும். ஆமைக்கல்துறையில வாப்பா தனிய, பரீனா. தனிய இருக்கிறார்.

– மூலையில இடம் விட்டதை நான் இன்னும் உங்களுக்குச் சொல்லவே இல்லையே. றினாஸ், நான் கேக்கிறன். கமெரா எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

– போனை எடு. வாப்பாவுக்குச் சொல்லு முதல்.

– அந்த ஜீப்... தலையில துவாயைப் போட்டுக்கொண்டு, வாப்பா கூப்பிடக் கூப்பிட இறங்காமல்... என்ர முகத்தைப் பாருங்கோ. பாத்துச் சொல்லுங்கோ.

– எத்தினை தரம் சொன்னனான் அந்த மனிசனுக்கு, கம் ஸ்ரிக்கர் கேளுங்கோ, வெளியால ஒட்டுறது கேளுங்கோ எண்டு. அப்பிடிக் கேட்டிருந்தா என்ர படத்தை நீ திருப்பியே பாத்திருக்க மாட்டாய், பரீனா.